கூகுளில் உங்கள் இணையதளம் வரவில்லையா? அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் வழி

மாங்கூழ் கம்பெனி, கிரானைட் பட்டறை, ஒகேனக்கல் லாட்ஜ், ஓசூர் ரோஜா நர்சரி, போர்வெல் லாரி என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற போன்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: "சைட் போட்டு இத்தனை நாள் ஆச்சுங்க, கூகுள்ல வரவே மாட்டேங்குது." இப்படி ஆனதும் பலர் செய்யும் முதல் காரியம், "முதல் பக்கத்துக்குக் கொண்டுவர்றோம்" என்று போன் செய்யும் யாரோ ஒருவருக்குப் பணம் கட்டுவது. அந்தப் பணம் பெரும்பாலும் வீண். ஷட்டர் இறக்கிய கடைக்குப் புது போர்டு எழுதி என்ன பயன்? முதலில் ஷட்டரை ஏற்ற வேண்டும். கூகுள் தன் தேடல் முடிவில் ஒரு பக்கத்தைச் சேர்க்க யாரிடமும் காசு வாங்குவதில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்கும் காசு தேவையில்லை.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் சோதனையைச் செய்துவிட்டு, உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்: இரண்டு சோதனைகள்

போனில் கூகுளை இன்காக்னிட்டோவில் திறங்கள். உங்கள் சொந்தப் போனில் சாதாரணமாகத் தேடினால், நீங்கள் அடிக்கடி திறக்கும் சைட்டை அது முன்னால் காட்டலாம். அதை நம்பி "எனக்கு வருது, மத்தவங்களுக்கு வரல" என்று குழம்புபவர்கள் நிறைய.

தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'சைட்' என்று தட்டி, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டியே உங்கள் டொமைன் பெயரை (சைட்டின் முகவரிப் பெயரை) அடியுங்கள். அந்த டொமைனில் கூகுள் வைத்திருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் அறிகுறி ஒன்று. முகப்பு மட்டும் வந்தால் அறிகுறி இரண்டு. முன்பு வந்து இப்போது இல்லை, அல்லது முன்பின் தெரியாத பக்கங்கள் வருகின்றன என்றால் மூன்று. எல்லாம் ஒழுங்காக வருகிறது, ஆனால் சாதாரணமாகத் தேடினால் மட்டும் காணோம் என்றால் நான்கு.

இந்தச் சோதனை ஒரு குத்துமதிப்புதான். உறுதியான பதில், சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கிடைக்கும். இலவசம். ஜிமெயில் கணக்கு போதும், டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்க டிஎன்எஸ்ஸில் (டொமைனின் அமைப்புப் பட்டியலில்) ஒரு டிஎக்ஸ்டி பதிவை, அதாவது ஒரு வரி எழுத்தைச் சேர்க்கச் சொல்லும். டொமைன் வாங்கிய இடத்தின் கன்ட்ரோல் பேனலில் அதை ஒட்டிவிட்டால் முடிந்தது. உள்ளே போனதும் மேலே இருக்கும் 'யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்' பெட்டியில் உங்கள் பக்கத்தின் முழு முகவரியைப் போடுங்கள். இண்டெக்ஸில் (கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலில்) இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று அதுவே சொல்லும். சர்ச் கன்சோல் இல்லாமல் சைட்டைப் பழுதுபார்ப்பது ஊகம்தான். அதனால் நான் இதைத் திறக்காமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை.

## அறிகுறி 1: ஒரு பக்கம்கூட வரவில்லை

### சைட் புதிதா?

போன வாரம்தான் போட்டீர்கள் என்றால் இது கோளாறே இல்லை. புது டொமைனை கூகுள் கண்டுபிடித்துச் சேர்க்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சர்ச் கன்சோலில் சைட்மேப்பை (உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியலை) கொடுங்கள். முகப்புக்கு மட்டும் 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' ஒருமுறை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப அழுத்துவதால் வரிசையில் முன்னால் போக முடியாது.

அப்புறம், வேறு எந்தச் சைட்டிலாவது உங்கள் சைட்டுக்கு ஒரு லிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கிருந்தும் வழி இல்லாத பக்கத்துக்கு கூகுள் தானாக வருவது கடினம். உங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் பதிவு), நீங்கள் உறுப்பினராக இருக்கும் வணிகர் சங்கத்தின் பக்கம், உங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனியின் டீலர் பட்டியல் இப்படி உண்மையான இடங்களில் முகவரியைப் போடச் சொல்லுங்கள். காசு கொடுத்து நூற்றுக்கணக்கில் லிங்க் வாங்காதீர்கள். அது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது.

### வேர்ட்பிரஸ் டிக் பெட்டி

சைட் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 'செட்டிங்ஸ்' போய் 'ரீடிங்' திறந்தால், கடைசியில் தேடுபொறிகள் இந்தச் சைட்டைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு டிக் பெட்டி இருக்கும். சைட்டைக் கட்டும்போது பாதி வேலை வெளியே தெரியக் கூடாது என்று டெவலப்பர் அதை டிக் செய்வார். அது சரியான பழக்கம்தான். வேலை முடிந்து லைவ் போடும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். டிக்கை எடுத்து, சேமித்து, முகப்பை மறுபடி இன்ஸ்பெக்ஷனில் போடுங்கள்.

2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து இந்த டிக், பக்கத்தின் உள்ளே 'நோஇண்டெக்ஸ்' (இண்டெக்ஸில் சேர்க்காதே) குறியாகப் போய் உட்காருகிறது. அதனால் கேஷ் பிளகின் (பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் துணை மென்பொருள்) இருந்தால் அதையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் டிக்கை எடுத்த பிறகும் பழைய பக்கமே, பழைய குறியோடு வெளியே போய்க்கொண்டிருக்கும். தேடலுக்காகப் போடும் எஸ்சிஓ பிளகின்களிலும் இதே மாதிரி தனித்தனி சுவிட்சுகள் உண்டு, அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

### ரோபாட்ஸ் கோப்பு

டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அப்புறம் 'ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்று பிரவுசரில் அடியுங்கள். தேடுபொறிகளின் ரோபாட்டுகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு இது. சில வரிகள் மட்டும் உள்ள வெற்றுப் பக்கம் வரும். எல்லா ரோபாட்டுக்கும் என்று நட்சத்திரக் குறி போட்டு, அதன் கீழே 'டிஸ்அலோ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால், மொத்தச் சைட்டுக்கும் தடை என்று பொருள். அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் தடை இல்லை. வித்தியாசம் ஒரே ஒரு எழுத்துதான். கூகுள் இந்தக் கோப்பைப் பொதுவாக 24 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும், ஆகவே மாற்றிய அன்றே பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. ஒரு பக்கத்தை கூகுளிலிருந்து எடுக்க வேண்டும் என்று நோஇண்டெக்ஸும் போட்டு, ரோபாட்ஸ் தடையும் போடுவார்கள். தடை இருந்தால் கூகுள் பக்கத்தின் உள்ளே வராது, உள்ளே வராவிட்டால் நோஇண்டெக்ஸைப் படிக்கவும் முடியாது. பக்கத்தை எடுக்க வேண்டும் என்றால் தடையை எடுத்துவிட்டு நோஇண்டெக்ஸ் மட்டும் போடுங்கள்.

### உங்களுக்குத் திறக்கிறது, கூகுளுக்குத் திறக்கவில்லை

இதுதான் அதிகம் அலைக்கழிக்கும் காரணம். ஒரு கிரானைட் கம்பெனியின் சைட் பர்கூரில் திறந்தது, சென்னையில் திறந்தது, பெங்களூரில் திறந்தது. டிக் இல்லை, ரோபாட்ஸ் கோப்பும் சுத்தம். சர்ச் கன்சோலில் 'டெஸ்ட் லைவ் யூஆர்எல்' அழுத்தியதும் 403 என்று வந்தது. உள்ளே விடமாட்டேன் என்று சர்வர் சொல்கிறது என்று அதற்கு அர்த்தம். விசாரித்தால், முன்னொரு சமயம் வெளிநாட்டிலிருந்து தாக்குதல் வந்ததால் இந்தியாவுக்கு வெளியே இருந்து வரும் எல்லாவற்றையும் ஹோஸ்டிங்காரர் (சைட்டை வைக்க சர்வர் வாடகைக்குத் தருபவர்) தடுத்து வைத்திருந்தார். பக்கங்களைப் படிக்க கூகுள் அனுப்பும் ரோபாட்டான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்துதான் வரும். ஏற்றுமதிக்காகப் போட்ட சைட், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கும் திறக்காமலே இருந்திருக்கிறது.

லைவ் டெஸ்டில் 403, 429, 5 வரிசை எண்கள், அல்லது ரோபாட்ஸ் கோப்பை எடுக்க முடியவில்லை என்று வந்தால் ஹோஸ்டிங்குக்கு டிக்கெட் போடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, "ஃபயர்வால், நாட்டுத் தடை, பாட் தடை மூன்றில் எது கூகுள்பாட்டைத் தடுக்கிறது?" என்று கேளுங்கள். வெறுமனே "கூகுளில் வரவில்லை" என்று எழுதினால் "சைட் நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள்.

சைட் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்து போனில் திறக்காமல் இருந்தாலும் இதே கதிதான். 2024 ஜூலை 5-க்குப் பிறகு கூகுள் மொபைல் பாட்டைக் கொண்டுதான் இண்டெக்ஸ் செய்கிறது. போனில் சுத்தமாகத் திறக்காத சைட் இண்டெக்ஸில் சேராது.

### சைட்டே இப்போது இல்லை

கடைக்காரர்களில் பலர் கூகுள் பிசினஸ் புரொஃபைலின் உள்ளேயே ஒரு பட்டனை அழுத்தி இலவசச் சைட் வைத்திருந்தார்கள். முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். அந்தச் சேவையை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது, அதன் பின் அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் வண்டியின் பின்பக்கத்திலும் இன்னும் அந்த முகவரி இருக்கும் கடைகளைப் பார்க்கிறேன். இதைச் சரிசெய்ய வழி கிடையாது, புதிதாக டொமைன் வாங்கிச் சைட் போட வேண்டும்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

மேலே உள்ள எல்லாம் சரி, ஆனாலும் பல வாரமாக முகப்பே சேரவில்லை என்றால் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய டொமைனை முன்பு வேறு யாரோ சூதாட்டத்துக்கோ ஸ்பாமுக்கோ பயன்படுத்தியிருந்தால், அதன் தண்டனை உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். அதிலிருந்து மீள மறுபரிசீலனை மனு எழுத வேண்டும். அனுபவம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். தொழில் இன்னும் தொடங்கவே இல்லை என்றால் வேறு டொமைன் வாங்குவது மலிவு.

## அறிகுறி 2: முகப்பு வருகிறது, உள்பக்கங்கள் வரவில்லை

சர்ச் கன்சோலில் 'பேஜஸ்' அறிக்கையைத் திறந்தால் சேராத பக்கங்கள் காரணத்தோடு வரிசையாக இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு'

பக்கம் இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. சின்னச் சைட்டில் இது வந்தால் உள்பக்கங்களுக்கு வழி இல்லை என்று சந்தேகப்படுங்கள். மெனுவில் உள்ள பெயர்கள் உண்மையான லிங்க்தானா? கம்ப்யூட்டரில் மெனுவின் மேல் ரைட் கிளிக் செய்து 'புதிய டேபில் திற' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் லிங்க். வராவிட்டால் அது ஜாவாஸ்கிரிப்ட் பட்டன், கூகுள் அதை அழுத்திப் பார்க்காது. சர்வர் மந்தமாக இருந்தாலும் கூகுள் தன் வருகையைக் குறைத்துக்கொள்ளும்.

### 'க்ரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு'

இது வேறு. வந்து பார்த்துவிட்டது, சேர்க்கவில்லை. பெரும்பாலும் பக்கத்தில் படிக்க ஒன்றும் இல்லை, அல்லது பக்கத்துக்குப் பக்கம் ஒரே விஷயம்.

நம் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் படமாகப் போட்ட எழுத்து. நோட்டீஸ் அடித்தவரிடம் ஜேபெக் வாங்கி அப்படியே பக்கமாக ஏற்றிவிடுவார்கள். ரூம் வாடகை, போன் நம்பர், ஒகேனக்கல் அருவியிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். பார்ப்பவருக்குப் புரியும், தேடுபொறிக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். இதற்கு மருந்து, அதே விஷயத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்து போடுவது. படமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது காரணம் பழைய எழுத்துரு. பல வருடம் முன்பு கட்டிய தமிழ்ச் சைட்டுகளில், கோயில் டிரஸ்ட், பள்ளி, உள்ளூர்ப் பத்திரிகை போன்றவற்றில், இன்னும் இதைப் பார்க்கிறேன். திரையில் அழகான தமிழ் தெரியும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். அதே தமிழ் வரி வந்தால் யூனிகோட், கவலை இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்பும் கலந்து குப்பையாக வந்தால், அது பாமினி மாதிரி பழைய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கிறது. கூகுள் படிப்பது உள்ளே இருக்கும் குப்பையை. "தருமபுரி கல்யாண மண்டபம்" என்று உலகமே தேடினாலும் அந்தப் பக்கம் வராது. யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்து, கொம்பு, துணைக்கால் எல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். பக்கம் அதிகம் என்றால் டிடிபி சென்டரில் கொடுத்துச் செய்யலாம், வெப் டிசைனர் தேவையில்லை.

மூன்றாவது, ஊருக்கு ஒரு பக்கம். போர்வெல்காரர், பழைய பேப்பர் வாங்குபவர், ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர் ஆகியோரிடம் இதை யாரோ விற்றுவிடுகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தில் நூறு பக்கம். கூகுள் இதை வாசல் பக்கங்கள் என்று தன் ஸ்பாம் விதிகளில் வைத்திருக்கிறது. 2024 மார்ச் மாதம் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதற்கு எதிராகத் தனி விதியும் கொண்டுவந்தது. மனிதர் எழுதினாலும் ஏஐ எழுதினாலும் அந்த விதி ஒன்றுதான். நூறையும் எடுத்துவிட்டு, உண்மையில் வேலை செய்த நாலு ஊருக்கு மட்டும் பக்கம் வையுங்கள். அங்கே எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, எந்த மாதிரிப் பாறை வந்தது, போட்டோ என்ன என்று எழுதுங்கள். அதை வேறு யாராலும் எழுத முடியாது.

### 'டூப்ளிகேட்' அல்லது கனோனிகல் என்று வந்தால்

அசல் பக்கம் இதுதான் என்று சொல்லும் கனோனிகல் குறி வேறு எங்கோ காட்டுகிறது. எல்லாப் பக்கமும் முகப்பையே காட்டும். அல்லது டெவலப்பர் சோதனைக்கு வைத்திருந்த தற்காலிக முகவரியைக் காட்டும். இன்ஸ்பெக்ஷனில் 'யூசர் டிக்லேர்டு கனோனிகல்' என்ற வரியில் உங்கள் சொந்த முகவரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு டொமைன் இருந்தால் சைட் செய்தவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள். அவருக்கு அது சின்ன வேலை.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

மொத்தச் சைட்டும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடுகிறது, லைவ் டெஸ்டில் கூகுள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் வெள்ளையாக வருகிறது என்றால் நீங்களே செய்ய முடியாது. கட்டியவரையே கூப்பிட்டு, சர்வர் பக்கத்திலிருந்து முழுப் பக்கமும் போகும்படி மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: நேற்றுவரை வந்தது, திடீரென்று காணோம்

### முதலில் டொமைன் தேதி

ஹூஇஸ் தேடலில் டொமைனைப் போட்டு காலாவதித் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லும் மெயில், எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். டாட் காம் டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டாலும், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் திரும்பக் கிடைக்கும். அதுவும் தாண்டினால் 5 நாளில் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். இதில் மட்டும் ஒரு நாளையும் தள்ளிப்போடாதீர்கள்.

டொமைன் சரி என்றால் அடுத்தது சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் (எஸ்எஸ்எல்). பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கை காட்டுகிறதா? இலவசச் சான்றிதழ்களின் ஆயுள் குறைவு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோயிருக்கும். ஹோஸ்டிங் பேனலில் மறுபடி போட்டுவிடலாம்.

### புது டிசைன் போட்டீர்களா?

சைட் புதுப்பித்த கையோடு காணாமல் போனால் இரண்டு காரணம். ஒன்று, மேலே சொன்ன டிக் பெட்டி. மற்றது, பழைய முகவரிகள் எல்லாம் மாறி, பழையதைத் தொட்டால் 404, அதாவது பக்கம் இல்லை என்று வருவது. கூகுளுக்குத் தெரிந்தது பழைய முகவரிகள்தான். ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டுத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், கூகுள் அதை 404 மாதிரிதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சர்ச் கன்சோலில் 'ரிமூவல்ஸ்' பக்கத்தையும் ஒரு கண் பாருங்கள். அங்கே யாராவது கை வைத்திருந்தால் சுமார் 6 மாதம் பக்கம் மறைந்திருக்கும், ரத்து செய்தால் திரும்பிவிடும்.

### தெரியாத மொழியில் பக்கங்கள் வருகின்றனவா?

சைட் சோதனையில் உங்கள் டொமைன் பெயரின் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை, வாட்ச், அல்லது மாத்திரை, சூதாட்டம் என்று பக்கங்கள் வந்தால் சைட் ஹேக் ஆகிவிட்டது. நீங்கள் நேரில் திறந்தால் எதுவும் தெரியாது. கூகுள்பாட் வரும்போது மட்டும் அந்தப் பக்கங்கள் காட்டும்படி செய்திருப்பார்கள். அதனால்தான் உரிமையாளர் "எல்லாம் நல்லாதானே இருக்கு" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியவை: ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், மெயில் மூன்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் அட்மின் பட்டியலைத் திறந்து தெரியாத பெயர் இருக்கிறதா பாருங்கள். சர்ச் கன்சோலின் 'செட்டிங்ஸ்' உள்ளே பயனாளர் பட்டியலையும் பாருங்கள், தாக்கியவர்கள் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். கள்ளத்தனமாக இறக்கிய தீம், பிளகின் இருந்தால் அதுதான் பெரும்பாலும் நுழைவாயில்.

இதற்கு மேல் தொடாதீர்கள். இங்கே கட்டாயம் ஆள் வேண்டும். தெரிந்த பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் போதும் என்று தோன்றும், ஆனால் அந்தப் பேக்கப்பிலேயே ஓட்டை இருந்தால் சில நாளில் மறுபடி வருவார்கள். சுத்தம் செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த வழியாக உள்ளே வந்தார்கள்?" இதற்குப் பதில் சொல்ல முடியாதவர் வேலையை முடிக்கவில்லை. சுத்தமான பிறகு 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பக்கத்தில் எச்சரிக்கை இருந்தால் அங்கிருந்தே மறுபரிசீலனைக்குக் கேட்கலாம்.

### செங்குத்தாக விழுந்ததா, சரிந்ததா?

சர்ச் கன்சோலின் 'பெர்ஃபார்மன்ஸ்' வரைபடத்தில் ஒரே நாளில் அதலபாதாளத்துக்குப் போனால் மேலே சொன்ன மாதிரிக் கோளாறு. சில வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்திருந்தால் கூகுளின் பெரிய அப்டேட்டில் பின்னுக்குப் போயிருக்கலாம். கூகுள் தன் தேடல் நிலைப் பலகையில் அப்டேட் தேதிகளை வெளியிடுகிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் பட்டன் எதுவும் இல்லை. உள்ளடக்கத்தைத்தான் திருத்த வேண்டும், பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

## அறிகுறி 4: இண்டெக்ஸில் இருக்கிறது, தேடினால் கண்ணில் படவில்லை

கம்பெனிப் பெயரைப் போட்டே வரவில்லை என்றால் பெயர் பொதுவானது. ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ், பாலாஜி எண்டர்பிரைசஸ் என்று தமிழ்நாடு முழுக்க இருக்கும். பெயரோடு ஊரும் தொழிலும் சேர்ந்து தலைப்பில் வர வேண்டும். பல சைட்டுகளில் முகப்பின் தலைப்பு வெறும் 'ஹோம்' என்றே இருக்கிறது. அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

ஊர்ப் பெயரிலும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. தெலங்கானாவில் நரசிம்மர் கோயில் உள்ள ஒரு தர்மபுரி இருக்கிறது. கேரளத்து வயநாட்டில் கிரிக்கெட் மைதானத்தோடு ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. ஆகவே முகவரியில் மாவட்டம், மாநிலம், பின்கோடு முழுதாக எழுதுங்கள். தருமபுரி, தர்மபுரி என இரண்டு விதமாகவும் மக்கள் தட்டுகிறார்கள், பக்கத்தில் இரண்டும் இயல்பாக ஓரிடத்தில் வந்தால் நல்லது.

"பக்கத்துக் கடை மேப்பில் வருது, நம்மது வரல" என்றால் அது சைட் கோளாறு அல்ல, பிசினஸ் புரொஃபைல் கோளாறு. சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா, போர்டில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் ஒன்றுதானா, சஸ்பெண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரோடு 'பெஸ்ட்', 'நம்பர் ஒன்' என்று சேர்த்தவர்களின் புரொஃபைல் சஸ்பெண்ட் ஆவது சகஜம்.

பொதுவான சொல்லுக்கு வரவில்லை என்றால் அது கோளாறே இல்லை, போட்டி. "மாம்பழம்" என்று தேடினால் யாருக்கும் காவேரிப்பட்டணத்துத் தோட்டம் வராது. பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் மக்கள் உண்மையில் என்ன தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று இருக்கிறது, அதைப் படித்து அந்தக் கேள்விக்கு நேரான பக்கம் எழுதுங்கள். ஒகேனக்கல் லாட்ஜ் என்றால் பரிசல் எத்தனை மணி வரை ஓடும், தண்ணீர் அதிகம் வரும் நாளில் என்ன நடக்கும் என்பதுதான் அவர்கள் கேட்பது. மாங்கூழ்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெங்களூரா மாம்பழ சீசன் தொடங்கியதும் பக்கம் போட்டால் அது தலைகாட்டும்போது சீசன் முடிந்திருக்கும். பொங்கல் கழிந்ததும் போடுங்கள்.

இந்த வேலைக்கு ஆள் வைக்கலாம், ஆனால் "முதல் இடம் உத்தரவாதம்" என்பவர் வேண்டாம். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.

## அறிகுறி 5: வருகிறது, ஆனால் பழைய விலை, தப்பான விவரம்

பக்கத்தைத் திருத்திய பின் அந்த முகவரிக்கு மட்டும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் கொடுங்கள். பெயர் மட்டும் வந்து விவரமே இல்லை என்றால் ரோபாட்ஸ் தடையைப் பாருங்கள்.

## அறிகுறி 6: கூகுளில் உண்டு, பிங்கில் இல்லை

பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் நுழைந்து சர்ச் கன்சோலிலிருந்து இறக்குமதி செய்தால் சில நிமிடத்தில் முடியும். டக்டக்கோவும் பெருமளவு பிங்கைத்தான் நம்பியிருக்கிறது.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

டொமைன் வாங்கிய கணக்கின் லாகின், ஹோஸ்டிங் லாகின், வேர்ட்பிரஸ் அட்மின், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல். இந்த ஐந்தும் உங்கள் சொந்த மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். சைட் செய்து கொடுத்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, உறவினராக இருந்தாலும் சரி. டொமைன் அவர் பெயரில் இருந்து, அவர் ஊர் மாறிப் போய்விட்டால், இரண்டு நிமிட டிக் பெட்டி வேலைக்குப் புதுச் சைட்டே கட்ட வேண்டிவரும். சர்ச் கன்சோலில் உரிமையாளராக நீங்கள் இருந்துகொண்டு, வேலைக்கு வருபவருக்கு 'ஃபுல் யூசர்' உரிமை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

கூடவே மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: சைட் சோதனையின் முடிவு, முகப்பின் லைவ் டெஸ்ட், பேஜஸ் அறிக்கையின் காரணப் பட்டியல். எந்த அறிகுறி, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதி இவற்றோடு அனுப்பினால், வேலை தெரிந்தவர் நேரில் வராமலே காரணத்தைச் சொல்லிவிடுவார்.